ஜெயபாலனின் கணினிக்கு வேகம் வந்த விதம்

மலாக்கா நகரின் கஜா பெராங்கில் வட்டார மின்னியல் துரிதக் கழகம் என்று ஒன்று இருந்தது. மக்களை வேகப்படுத்துவது அதன் வேலை. தொடக்க விழாவுக்கு வந்தவர்கள் பேச்சு முடிவதற்குள் பசி தாங்காமல் எழுந்து போய்விட்டதால், விழாவின் இரண்டாம் பாதி மறு மாதம் நடந்தது.

கழகம் வசதி குறைந்த குடும்பங்களுக்கு மடிக்கணினிகளை இரவலாகக் கொடுத்து வந்தது. ஏதோ அலுவலகங்களில் உழைத்துத் தேய்ந்து ஓய்வு பெற்ற பழைய கணினிகள். விண்டோஸை அவை தாங்காது என்பதால், லினக்ஸில் எடை குறைந்த ஒரு வகையை ஏற்றியிருந்தார்கள். "நம்ம மக்கள் ஏற்கெனவே நிறைய சுமக்கிறாங்க. அதனாலதான் எடை குறைஞ்சதா பார்த்துக் கொடுக்கிறேன்" என்றார் கழகத் தலைவர், டத்தோ பட்டம் பெற்ற கலியாணசுந்தரம். வாங்கியவர்கள் கையில் தூக்கிப் பார்த்தார்கள். செங்கல் கனம் கனத்தது. இருந்தாலும் கைதட்டினார்கள்.

அப்படி வாங்கியவர்களில் ஒருவர் ஜெயபாலன். கோட்டை வாசலில் நின்று, தமிழ்நாட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் பயணிகளுக்கு மலாக்காவின் கதையைச் சொல்லிப் பிழைத்தவர். போர்த்துகீசியர் கோட்டை கட்டியதை அவர் சொன்னால், அவரே பக்கத்தில் நின்று கல் எடுத்துக் கொடுத்தது போலிருக்கும். வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. பத்து பெரெண்டாம் ஊர்த் தொழிற்சாலையில் நாள் முழுவதும் இயந்திர இரைச்சலில் நின்றுவிட்டு வரும் அவர் மனைவி கமலவேணி, "கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்" என்று கெஞ்சுவாள்.

பிறகு அவர் தொண்டையில் புற்றுநோய் வந்தது. மருத்துவமனையில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை. மூச்சு இனி அதன் வழியாகத்தான். பேச்சு போயிற்று. மருந்தின் வீரியத்தில் விரல் நுனிகளும் மரத்துப்போய், பேனா நிற்கவில்லை. கைப்பேசித் திரையில் எதைத் தொட்டாலும் வேறு எதுவோ விழுந்தது. மடிக்கணினியின் பெரிய விசைகள் மட்டும் ஒற்றை விரலுக்கு அடங்கின. அதில் தட்டினால் எழுத்து தமிழாக மாறும். மாறியதை ஒரு குரல் வாசித்துக் காட்டும். டச்சுக்காரன் ஒருவன் அவசரமாகத் தமிழ் படித்துவிட்டு வந்தது போன்ற குரல். ழகரம் அதற்குக் கடைசிவரை வரவில்லை.

அந்தக் குரலில் ஜெயபாலன் முதன்முதலாகப் பேசியது, "காப்பியில சீனி பத்தல" என்பதுதான். கமலவேணி அடுப்படியில் நின்று சிரித்தாள். சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சீனி எடுத்துக்கொண்டு போனாள்.

கணினி போகப் போக மெதுவாயிற்று. திறந்து உட்கார்ந்தால் அது எழுந்துகொள்வதற்குள் சோறு வெந்துவிடும். எழுந்த பிறகும், தட்டியது ஒரு நேரம், பேசுவது ஒரு நேரம். பக்கத்து வீட்டு பூங்காவனம் ஒரு நாள் தட்டில் குவே பலகாரம் எடுத்துக்கொண்டு வந்தாள். ஜெயபாலன் உற்சாகமாகத் தட்டினார். கணினி யோசித்துக்கொண்டிருந்தது. அதற்குள் பூங்காவனம் நாற்காலியில் உட்கார்ந்து, செங் ஊரிலிருந்த தன் அண்ணன் காலையில் இறந்துபோன செய்தியைச் சொல்லி அழ ஆரம்பித்திருந்தாள். கமலவேணி அவள் தோளை அணைத்துக்கொண்ட நேரம் பார்த்து, "உங்க குவேய கடிச்சா பல்லு போயிடும், ருசி மட்டும் போகாது" என்றது கணினி.

பூங்காவனம் அழுகைக்கு நடுவிலும் சிரித்துவிட்டாள். ஜெயபாலன் சிரிக்கவில்லை. மூடியை இறக்கிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நோய் திரும்பி வந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னதும் அந்த மாதம்தான். வீடு வந்து இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் ஏதோ தட்டினார். அவள் சமைத்து, பாத்திரம் கழுவி வைத்து, வந்து உட்கார்ந்த பிறகு குரல் வந்தது.

"எனக்குச் சொல்ல நிறைய இருக்கு வேணி. இது ரொம்ப லெம்பாப், நகரவே மாட்டேங்குது. கொஞ்சம் வேகமாக்கித் தரச் சொல்லு."

வேறொன்று வாங்கும் நிலையில் அவர்கள் இல்லை. வெளிக் கடையில் கொடுத்துத் திறந்தால் கழகம் கணினியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். ஆகவே கமலவேணி அதைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, கடைவீட்டு மாடியிலிருந்த துரிதக் கழகத்துக்குப் போனாள். 'வேகம் நமது மூச்சு' என்று சுவர் முழுக்க எழுதியிருந்தது. அதற்குக் கீழே நெடுநேரம் உட்கார்ந்திருந்த பிறகு செயலாளர் நல்லையா கூப்பிட்டார்.

"கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா இருக்குங்க ஐயா."

"யார் சொல்றது?"

"நான்தாங்க."

"நீங்க பயனாளி இல்லையேம்மா. பயனாளி உங்க வீட்டுக்காரர். அவர் வாயால சொல்லணும். போன வருசம் ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் வந்து பேசிட்டுப் போயி, பெரிய சுசாவா, தலைவலியா போச்சு."

"அவருக்குக் குரல் இல்லைங்க. தொண்டைய எடுத்துட்டாங்க."

நல்லையா வருந்தினார். உண்மையாகவே வருந்தினார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார், "அப்போ வீட்டுல எப்படிம்மா பேசுறாரு?"

"இந்த கம்ப்யூட்டர்லதான்."

நல்லையாவின் முகம் மலர்ந்தது. "அப்புறம் என்னம்மா! அதுலயே வந்து சொல்லட்டும்."

கழகம் குறித்துக்கொடுத்த விசாரணை நாளன்று ஜெயபாலன் கோட்டை வாசலுக்குப் போகும்போது போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். கழுத்துத் துளையின்மேல் மெல்லிய துண்டு. மேடையில் டத்தோவும் குழுவினரும் தண்ணீர் பாட்டில்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். கழகத்தின் தொழில்நுட்ப உதவியாளர் ஹாஜா வந்து ஒலிபெருக்கியின் ஒயரைக் கணினியில் செருகினார். கணினி மெல்ல விழித்தது. விழித்ததும் திரையில் டத்தோ தோன்றி, "வணக்கம், நான் டத்தோ கலியாணசுந்தரம்" என்றார். மரியாதைக்காக எல்லாரும் எழுந்து நின்றார்கள். டத்தோவே பாதி எழுந்து, பேசுவது தாம்தான் என்று நினைவு வந்து உட்கார்ந்தார். அடுத்துக் கழகப் பாடல். மறுபடியும் நின்றார்கள். பிறகு டத்தோவின் புன்னகைப் படம், நெற்றியிலிருந்து தொடங்கி, கோடு கோடாக இறங்கி வந்தது. முகவாய்க்கு வந்து சேரும்வரை குழுவினர் காத்திருந்தார்கள்.

ஜெயபாலன் தட்டினார். ஒவ்வொரு எழுத்தாக, நீளமாகத் தட்டினார். முடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கணினி பேசவில்லை. மௌனம் நீண்டதால் டத்தோ ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டு வேகத்தைப் பற்றிப் பேசினார். "நான் எப்பவும் சொல்றது, ஒரு முடிவை எடுக்க நான் ஒரு நிமிசத்துக்கு மேல எடுக்கிறதில்ல. எடுத்த முடிவை எப்ப நடத்துறதுங்கறதுதான் யோசிக்க வேண்டியது. அதுல அவசரப்பட்டா மக்கள் பணம் வீணாகும். இந்தக் கழகம் ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. ஏன்னா நாங்க இன்னும் ஒண்ணும் செய்யல."

குழுவினர் தலையாட்டினார்கள். அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. "நீங்க இருங்க, சாப்பிட்டு வந்து கேட்கிறோம்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்கள்.

கடைசி ஆள் படியிறங்கியதும் கணினி பேச ஆரம்பித்தது. ஒலிபெருக்கி இருந்ததால், காலி நாற்காலிகளுக்கு நடுவில் குரல் பெரிதாகக் கேட்டது.

"பெரியவங்களுக்கு வணக்கம். என் பேரு ஜெயபாலன். கோட்டை வாசல்ல கதை சொல்லிப் பொழைச்சவன். எனக்கு இனி அதிக நாள் இல்ல. அதுக்குள்ள என் சம்சாரத்துக்கிட்ட பேசி முடிக்கணும். ஊருக்கெல்லாம் பேசினேன், அவகிட்டதான் பாக்கி இருக்கு. தயவு செஞ்சு இத வேகமாக்கிக் குடுங்க."

கேட்டவர்கள் இரண்டு பேர். கமலவேணி ஒருத்தி. மூலையில் நின்ற ஹாஜா இன்னொருவர். ஹாஜா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழுவினர் ஏப்பத்தோடு திரும்பி வந்தார்கள். பயனாளி எதுவும் சொல்லவில்லை, ஆகவே புகார் இல்லை என்று முடிவாயிற்று. கமலவேணி எழுந்தாள். "நீங்க போனப்புறம் பேசுச்சுங்க. எல்லாத்தையும் சொல்லுச்சுங்க."

"நாங்க இல்லாதப்ப பேசினத நாங்க கேட்டதா எப்படிம்மா எடுத்துக்க முடியும்?" என்றார் டத்தோ, அன்பாகவே. "நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல."

ஹாஜா படிக்கட்டு வரை கூட வந்தார். ஜெயபாலனுக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டு, கமலவேணியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "லினக்ஸ் மேல தப்பே இல்லக்கா. பாவம், அது லேசானதுதான். அதுக்கு மேல நாங்க ஏத்தி வச்சிருக்கிறதுதான் கனம். டத்தோ வீடியோ, கழகப் பாட்டு, அந்தப் பெரிய படம். அந்தப் படத்த யாரும் எடுத்துடாம இருக்காங்களான்னு எந்நேரமும் பார்த்துக்கிட்டே இருக்க ஒரு புரோக்ராம். அதெல்லாம் தொடங்காம நிறுத்திட்டா போதும்."

"அப்போ நீங்களே நிறுத்திக் குடுத்துடுங்களேன் தம்பி."

"பாஸ்வேர்டு என்கிட்டதான் இருக்குக்கா. ஆனா டத்தோ படத்துல கை வச்சா என் வேலை போயிடும். எனக்கும் பிள்ளைங்க இருக்கு."

ஜெயபாலன் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். கமலவேணிக்கு ஹாஜாவின்மேல் கோபம் வந்தது. கணவர்மேலும் வந்தது.

மறுநாள் அவள் நல்லையாவிடம் போய், படத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். நல்லையா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"படத்த இறக்கறதா? டத்தோ உயிரோட இருக்கும்போதேவா?"

விஷயம் டத்தோவின் காதுக்குப் போயிற்று. எல்லாரும் பயந்தது போல் அவர் கோபப்படவில்லை. அவர் கண்கள் கலங்கிவிட்டன. அது சுதந்திரத்தின் அறுபதாவது ஆண்டு. கொண்டாட்டத்துக்கு என்ன செய்வது என்று கழகம் மாதக்கணக்கில் யோசித்தும் ஒன்றும் தோன்றாமல் இருந்தது.

"இந்த மலாக்கா மண்ணுலதான் சுதந்திரத் தேதியையே அறிவிச்சாங்க," என்றார் டத்தோ. "அதே மண்ணுல நான் ஒரு கணினிக்குச் சுதந்திரம் குடுக்கப் போறேன். எல்லார் முன்னாலயும், என் கையால, என் படத்த நானே எடுக்கிறேன். இப்படி ஒரு தியாகத்த எந்தத் தலைவன் செஞ்சிருக்கான்? கோலாலம்பூர்லேருந்து பெரியவர கூப்பிடுங்க."

விழா வரைக்கும் கணினி கழகத்திலேயே வைக்கப்பட்டது. விழாவுக்கு முதல் நாள் கொண்டுவந்து தருகிறேனே என்று கமலவேணி கெஞ்சினாள்.

"வேண்டாம்மா," என்றார் நல்லையா. "வீட்டுல இருந்து, அதுக்குள்ள தற்செயலா வேகமாயிடுச்சுன்னா? விழாவே கெட்டுப்போயிடும்."

"அவர் அதுவரைக்கும் எப்படிங்க பேசுவாரு?"

அதற்கும் கழகம் ஏற்பாடு செய்திருந்தது. கெட்டி அட்டைகள் கொஞ்சம், வழவழப்பாக அச்சிட்டவை. ஒன்றில் 'நன்றி' என்றிருந்தது. ஒன்றில் 'மிக்க நன்றி'. இன்னொன்றில் 'வேகம் நமது மூச்சு'. தேவைக்கேற்பப் பயனாளி தூக்கிக் காட்டலாம்.

ஜெயபாலன் அவற்றை விரித்துவைத்துப் பார்த்தார். தோள்கள் குலுங்கின. சத்தமில்லாமல் அவர் சிரிப்பது அப்படித்தான். தாதி வந்து கழுத்துத் துளையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, அவர் 'வேகம் நமது மூச்சு' அட்டையைத் தூக்கிக் காட்டினார். தாதிக்குச் சிரிப்பு தாங்காமல், வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று. பூங்காவனம் கஞ்சி கொண்டுவந்தால் 'மிக்க நன்றி'. கஞ்சியில் உப்பில்லை என்றாலும் அதுதான்.

தண்ணீர், மாத்திரை, ஜன்னல் இவற்றுக்கெல்லாம் உதடே போதும். கமலவேணி உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டாள். அவருக்கு வேண்டியது அதுவல்ல. ஒரு நாள் மதியம் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, உதட்டை மட்டும் அசைத்து நீளமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் அவர் வாயையே பார்த்தாள். கோட்டை என்பது புரிந்தது. மழை என்பது புரிந்தது.

"மழை பெஞ்சப்ப கோட்டையில... என்ன, யாரையாவது பார்த்தீங்களா?"

இல்லை என்று தலையாட்டினார். மறுபடியும் சொன்னார்.

"என்னையா? நானா வந்தேன்?"

ஆமாம் என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல் கையை அசைத்தார். மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தார். துளையில் மூச்சு இரைந்தது. பாதியில் நிறுத்தி, கண்ணை மூடி, போகட்டும் என்பதாக விரலை மட்டும் ஆட்டினார். இந்த மனிதரைத்தானே சும்மா இருங்கள் என்று அத்தனை வருடம் கெஞ்சினோம் என்று கமலவேணி நினைத்தாள். அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாள் தொழிற்சாலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கழகத்துக்குப் போனாள். "ஒரே ஒரு நாள் குடுங்க ஐயா. மெதுவாவே இருக்கட்டும். பரவாயில்ல. நாங்க காத்துக்கிட்டிருக்கோம்."

உள்ளே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அந்தக் கணினிக்குச் சந்தனப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். டத்தோ எந்தப் பக்கமிருந்து நடந்து வந்து விசையைத் தொடுவது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. "இன்னும் கொஞ்ச நாள்தானேம்மா," என்றார் நல்லையா. "தாப்பாலா, பரவாயில்ல. பொறுத்ததே பொறுத்தீங்க."

சுதந்திர நாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கோலாலம்பூர்ப் பெரியவருக்கு வேறு வேலை வந்துவிட்டது. விழா செப்டம்பர் நடுவில் வரும் மலேசிய நாளுக்குத் தள்ளிப்போயிற்று. "சுதந்திர மாதம் முடியலாம், சுதந்திர உணர்வு முடியாது" என்று டத்தோ அறிக்கை விட்டார்.

அந்த இடைவெளியில், ஒரு காலை, கமலவேணி ஜெயபாலனின் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். உதடு அசைந்தது. சின்ன வாக்கியம் இல்லை, நீளமாக அசைந்தது. முடித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துப் பதிலுக்குக் காத்திருந்தார். இன்னொரு தடவை சொல்லச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"சரிங்க," என்றாள்.

அவர் முகம் தெளிந்தது. கையை விட்டார். எதற்குச் சரி என்று சொன்னோம் என்பது அவளுக்குத் தெரியாது. மதியம் அவர் இறந்துபோனார்.

கழகத்திலிருந்து மலர்வளையம் வந்தது. கழகத்தின் வாசகம் அதில் தங்க எழுத்தில் இருந்தது. பூங்காவனம் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, யாரும் பார்க்குமுன் திருப்பி வைத்தாள். நல்லையாவும் வந்தார். தேம்பி அழுதார். கிளம்பும்போது, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "விழாவுக்கு நீங்க அவசியம் வரணும்மா," என்றார். "அழைப்பிதழ்ல பேரு அச்சாயிடுச்சு. பயனாளி இல்லாம மேடை நல்லா இருக்காது. நீங்க ஒண்ணும் பேச வேணாம், கம்ப்யூட்டர்ல நன்றின்னு தட்டினா போதும்."

பூங்காவனம் போகக் கூடாது என்றாள். கமலவேணி போனாள். அந்தக் குரலை இன்னொரு முறை கேட்கலாம் என்பதைத் தவிர அவளுக்கு அங்கே வேறு வேலை இல்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. குத்துவிளக்கு, நாட்டுப்பண், கழகப் பாடல், வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை எல்லாம் முடிந்து டத்தோ எழுந்தார். "இந்தப் படத்துல இருக்கிற ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்," என்றார், குரல் தழுதழுக்க. "அவரை இழக்கிறது எனக்குச் சாதாரண விசயம் இல்ல. இருந்தாலும் மக்களுக்காக..." மேலே பேச முடியாமல் விசையைத் தொட்டார். படம் மறைந்தது, அதோடு ஏற்றியிருந்தவையும் போயின. பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஹாஜா கணினியை அணைத்துத் திரும்பத் திறந்தார். உடனே விழித்தது. வீடியோ இல்லை, பாட்டு இல்லை. வெறும் நீலத் திரை. கோலாலம்பூர்ப் பெரியவர் வியந்து புருவத்தை உயர்த்தினார்.

"இப்போது பயனாளியின் குடும்பம் கணினி வழியாகப் பேசும்," என்று நல்லையா அறிவித்தார். "கணினி பேசியதும் அனைவரும் பலத்த கரவொலி எழுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்."

கமலவேணி உட்கார்ந்தாள். ஒற்றை விரலால்தான் தட்டினாள். அவளுக்கு வேறு விதமாகத் தட்டத் தெரியாது. அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. கடைசி எழுத்தைத் தொட்டு விரலை எடுப்பதற்குள் குரல் வந்துவிட்டது. மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"என் வீட்டுக்காரர் போன வாரம் செத்துட்டாரு."

கைதட்டல் உடனே எழுந்தது. கொஞ்சமும் தாமதமில்லை. டத்தோ இரண்டு கைகளையும் கூப்பி எல்லாப் பக்கமும் திரும்பி வணங்கினார். நல்லையா ஒலிவாங்கியில், "பார்த்தீர்களா வேகத்தை!" என்றார். கைதட்டல் இன்னும் பலத்தது. ஹாஜா மட்டும் தட்டவில்லை.

பெரியவர் கிளம்பினார். டத்தோ காருக்குப் பின்னால் ஓடினார். கூட்டம் பிரியாணிக்கு வரிசையில் நின்றது. பயனாளி இல்லாததால் கணினி கழகத்துக்கே திரும்பிவிடும் என்று நல்லையா போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். மேடையில் கமலவேணி தனியாக உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக ஏதோ தட்டினாள்.

"சாப்பிட்டியா வேணி?" என்று கேட்டது குரல்.

"இன்னும் இல்லைங்க," என்றாள்.

ஒயரைச் சுருட்ட வந்த ஹாஜா, அதைப் பிடுங்காமல் கையில் பிடித்தபடி நின்றார்.